டாரிஃப்: தீர்வையும் பட்டியலும்

ஏற்காட்டு விடுதி வரவேற்பறைப் பலகையில் 'டாரிஃப்'. மின்கட்டண அட்டவணைக்கும் 'டாரிஃப்'. மிளகு இறக்குமதிச் செய்தியிலும் அதே 'டாரிஃப்'. மூன்றையும் 'வரி' என்று எழுதிவிடுவது பிழை.

சொல்லின் வேர் அரபியில் இருக்கிறது. 'தஅரீஃப்' என்றால் தெரியப்படுத்துதல். இத்தாலிய வணிகர் வாயில் 'தாரிஃபா' ஆகி, ஆங்கிலம் வழியே நம்மிடம் வந்தது. எந்தச் சரக்குக்கு எவ்வளவு என்று அறிவிக்கும் பட்டியலே அதன் பழைய பொருள். விடுதிப் பலகையில் இன்றும் இருப்பது அந்தப் பொருள்தான். அதற்குக் 'கட்டண விவரம்' போதும்.

எல்லை தாண்டும் சரக்குக்கு விதிப்பதை 'உல்கு' என்கிறது குறள் (756). முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். ஆனால் இன்று சுங்கம் என்றதும் ஓமலூர்ச் சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வரும். அங்கே வாங்குவது சாலைக் கட்டணம். 'தீர்வை' என்பது தீர்மானித்து விதித்தது. கிராமக் கணக்கில் 'தீர்வை ஏற்பட்ட தரிசு' என்கிறோமே, அதே சொல். தனித்தனியே குழப்புகிற இரண்டும் சேர்ந்தால் பொருள் தெளிகிறது: சுங்கத் தீர்வை. 1975-ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் அட்டவணை, தீர்வைப் பட்டியல். அதில் ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் எண்: காப்பி 0901, மிளகு 0904, ஜவ்வரிசி 1903.

உள்ளூர் நெருக்கடி வெளியுறவுக் கொள்கையாக மாறுவது இந்தப் பட்டியலில்தான். 2009-இல் வியட்நாம் உள்ளிட்ட தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு ஒப்பந்தம் போட்டபோது பெரும்பாலான சரக்குகளின் தீர்வை பூஜ்யத்தை நோக்கி இறங்கியது. தோட்டப் பயிர் விவசாயிகளின் எதிர்ப்பால் காப்பியும் மிளகும் 'சிறப்புப் பொருட்கள்' ஆயின. காப்பி 100 சதவீதத்திலிருந்து 45-க்கும், மிளகு 70-லிருந்து 50-க்கும் படிப்படியாக இறங்கின.

கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்து 100 ரூபாய் மதிப்புள்ள மிளகைப் பாருங்கள். ஒப்பந்தம் இல்லாத நாடுகளுக்கான பொதுத் தீர்வையில் அது 170 ரூபாய், ஆசியான் சலுகையில் 150. 1998-இல் கையெழுத்தான இலங்கை ஒப்பந்தப்படி, குறிப்பிட்ட அளவு வரை 100-தான். ஓட்டை விழுவது இங்கேதான். வியட்நாம் மிளகு இலங்கையின் உற்பத்தி நாட்டுச் சான்றோடு வருகிறது என்பது விவசாயிகளின் நீண்ட நாள் புகார். வேறு நாட்டுப் பொருளைச் சேர்த்திருந்தால் 35 சதவீத மதிப்பாவது இலங்கையில் கூடியிருக்க வேண்டும் என்பது விதி. மூட்டையைப் பிரித்துக் கொட்டினாலும் மிளகு எந்த ஊர்க் கொடியில் காய்த்தது என்று கண்ணால் சொல்ல முடியாது; காகிதத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

2017 டிசம்பரில் இறக்குமதி மிளகுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்று வைத்தார்களே, அது தீர்வையே அல்ல. குறைந்தபட்ச இறக்குமதி விலை. அதற்குக் குறைந்த விலையில் சரக்கு நுழையக் கூடாது, அவ்வளவுதான். அரசுக்கு அதனால் ஒரு பைசா சேராது. விலைச்சீட்டில் தொகையை ஏற்றிக் காட்டினால் இந்தத் தடுப்பும் பயன்படாது.

'வரி' என்று எழுதுவதில் இன்னொரு கேடும் உண்டு. சொத்து வரிபோல உள்ளூரில் கேட்டுக் குறைக்கலாம் என்ற எண்ணத்தை அது தருகிறது. சுங்கத் தீர்வை, ஒன்றிய அரசுக்கு மட்டுமே உரிய அதிகாரங்களை அரசியலமைப்பு அடுக்கும் ஒன்றியப் பட்டியலின் 83-ஆம் இனம். சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றியவருக்காகச் சென்னை அரசு டெல்லிக்குக் கடிதம்தான் எழுத முடியும்.