அளவில்லா மருந்தும் ஆளறியாத் துவக்கும்

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் துவக்குக் காயங்கள், அதாவது துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள், எங்கள் வைத்தியசாலை விடுதிக்கு அதிகம் வருவது இரண்டு காலங்களில். காலபோக நெல் பால்பிடிக்கும் மார்கழி, தை மாதங்களில் பன்றி வயலுக்குள் இறங்கும். அதைத் தடுக்க வரம்போரத்திலும் காட்டு விளிம்பிலும் கட்டுத்துவக்கு வைக்கப்படும்; தடத்துக்குக் குறுக்கே கட்டிய கம்பியில் கால் பட்டால் ஆளில்லாமலே வெடிக்கும் துவக்கு அது. பின்னர் வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பழுக்கும்போது, பழம் பொறுக்கவும் தேன் எடுக்கவும் விறகுக்கும் மாடு தேடியும் சனங்கள் காட்டுக்குள் போவார்கள். இறைச்சிக்காக வைக்கப்பட்ட துவக்குகள் அங்கே அவர்களுக்காகக் காத்திருக்கும். இப்படிக் கால் சிதைந்து வந்தவர்களில் நான் கண்ட பெரும்பாலானோர் தம் வாழ்நாளில் ஒரு துவக்கைக் கையில் தொட்டிராதவர்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய், செட்டிகுளம் என்று காட்டை ஒட்டி வாழும் ஊர்கள் எதற்கும் இது புதிய கதை அல்ல என்பதால்தான், சத்திரசிகிச்சை செய்பவன் என்ற முறையில் சிலவற்றை விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் அந்தத் துவக்குக்குள் இருக்கும் வெடிமருந்தைப் பற்றிப் பேசவேண்டும். அமெரிக்கா போன்ற நாடுகளில் பெருவிலங்கு வேட்டைக்குப் போகிறவர்கள் பலர் தங்கள் ரைபிளுக்கான தோட்டாக்களைத் தாங்களே நிறைத்துக்கொள்கிறார்கள். அங்கே மருந்து நிறுக்கப்படும் அலகு கிரெயின். ஒரு கிரெயின் என்பது ஒரு கிராமில் ஏறக்குறைய 0.065 பங்கு. அதிலும் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக் காட்டும் தராசில் நிறுத்து, மருந்து தயாரிப்பாளர் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்து, உச்ச அளவுக்குக் கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியாகவே ஏற்றுகிறார்கள். இவ்வளவு கவனம் எதற்கென்றால், .30-06 என்ற பெயர்பெற்ற வேட்டைத் தோட்டா வெடிக்கும்போது துவக்கின் அறைக்குள் எழக்கூடிய அழுத்தத்துக்கு வகுக்கப்பட்ட உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல். அந்த அழுத்தத்தைத் தாங்குமெனப் பரிசோதிக்கப்பட்ட உருக்குக் குழாயை வைத்திருப்பவரே தராசு இல்லாமல் ஒரு தோட்டாவை நிறைக்கத் துணிவதில்லை.

நம் ஊரில் இடியன் துவக்குக்கு, அதாவது குழாயின் வாய்வழியாக மருந்தை இடித்து நிறைக்கும் நாட்டுத்துவக்குக்கு, மருந்து போடுபவரிடம் தராசும் இல்லை, அட்டவணையும் இல்லை. குழாய் பெரும்பாலும் வேறொரு தேவைக்காகச் செய்யப்பட்ட இரும்புக் குழாய். அதன் ஒட்டு எவ்வளவு தாங்கும் என்பது செய்தவருக்கே தெரியாது. மருந்து கைக்கணக்கில் போடப்பட்டு வாய்ப்புறமாக இடிக்கப்படுகிறது. போன முறை பன்றி விழவில்லை என்றால் இந்த முறை இன்னும் கொஞ்சம் கூட்டப்படுகிறது. பழைய தோட்டாக்களைப் பிரித்தெடுத்த புகையற்ற மருந்தைக் கரிமருந்துக்குப் பதிலாகப் போடுவது இதைவிடவும் கொடியது. கரிமருந்துக்கே தாங்குமோ என்றிருக்கும் குழாயில் அதே அளவு புகையற்ற மருந்து எழுப்பும் அழுத்தம் குழாயைக் கிழித்துவிடும். அப்படிக் கிழியும் இடம் துவக்கைப் பிடித்திருக்கும் கைக்கும் குறிபார்க்கும் கண்ணுக்கும் மிக அருகில் இருக்கிறது. ஈரம் ஏறிய மருந்து உடனே பற்றாமல் சற்றுத் தாமதித்து வெடிப்பதும் உண்டு. ‘வெடிக்கவில்லையே’ என்று குழாயின் வாயைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்த ஒருவருடைய முகத்தைத் துப்புரவாக்கிய நாளை என்னால் மறக்க முடியாது. கன்னத்திலும் இமையிலும் புதைந்த கரித்துகள்களை மென்தூரிகையால் எவ்வளவு தேய்த்தாலும் சில புள்ளிகள் தோலின் கீழ் நீலமாகத் தங்கிவிட்டன, பார்வை திரும்பவேயில்லை.

கட்டுத்துவக்கின் கொடுமை வேறு விதமானது. பன்றியின் உயரத்துக்கு வைக்கப்பட்ட துவக்கு மனிதனை முழங்காலிலோ அதற்குக் கீழேயோ தாக்குகிறது. மரைக்கும் மானுக்கும் வைக்கப்பட்டது தொடையையும் வயிற்றையும் தாக்குகிறது. சுடும் தூரம் மிகக் குறைவு என்பதால் சன்னங்கள் (துவக்கில் போடும் சிறு குண்டுகள்) பரவுவதற்கு முன்னரே ஒரே கொத்தாகக் காலுக்குள் நுழைகின்றன. தோலில் தெரியும் துளை சில வேளை ஒரு பழைய இரண்டு ரூபாக் குற்றியளவுதான் இருக்கும். உள்ளே கணைக்கால் என்பு பல துண்டுகளாகச் சிதறி, சுற்றியிருக்கும் தசை கறுத்துக் கூழாகியிருக்கும். வன்னியில் காட்டுக்குள் வெடிச்சத்தம் கேட்டால் மிதிவெடி என்றுதான் சனங்கள் முதலில் நினைப்பார்கள், பலரை அப்படிச் சொல்லியே கொண்டுவருகிறார்கள். மிதிவெடி கீழிருந்து மேலாகப் பாதத்தைப் பறிக்கும், மண்ணையும் செருப்பையும் மேல்நோக்கி அடிக்கும். கட்டுத்துவக்கில் பாதம் அப்படியே இருக்கும், செருப்புக்கூடக் கிழியாமல் இருக்கும். காயம் பக்கவாட்டில் இருக்கும். பாதம் முழுமையாக இருப்பதைப் பார்த்து ‘கால் தப்பியது’ என்று உறவினர் ஆறுதலடைவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் விடயம்.

முழங்காலுக்குப் பின்புறமாக ஓடும் நாடிதான் கீழ்க்காலுக்கு வரும் குருதியின் பெரும்பகுதியைக் கொண்டுவருகிறது. அது அறுந்தாலோ நசுங்கினாலோ பாதம் வெளிறும், குளிரும், விரல்களில் உணர்வு குறையும், புறங்காலில் துடிப்பு தொட்டால் தெரியாது. குருதி கிடைக்காத தசை ஏறக்குறைய 6 மணித்தியாலங்களுக்குள் மீளமுடியாத நிலையை அடையத் தொடங்கிவிடும். காட்டிலிருந்து தோளில் சுமந்து, பின்னர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, கிராமத்து வைத்தியசாலையிலிருந்து மாங்குளத்துக்கோ வவுனியாவுக்கோ முல்லைத்தீவு மாஞ்சோலைக்கோ வந்து, நாடியைச் சீர்செய்ய வேண்டுமானால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ அநுராதபுரத்துக்கோ மாற்றப்படுவதற்குள் அந்த நேரத்தில் எவ்வளவு கழிந்திருக்கும் என்பதை வன்னியின் வீதிகளை அறிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு காலைக் காப்பதும் இழப்பதும் பல நேரங்களில் முதல் ஒரு மணித்தியாலத்தில் உடனிருந்தவர்கள் செய்ததைப் பொறுத்தே அமைகிறது.

ஆகவே அந்த ஒரு மணித்தியாலத்தில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆளிடம் ஓடுவதற்கு முன் அருகில் இன்னொரு கம்பி இருக்கிறதா என்று நிலத்தைப் பார்த்துப் போங்கள். ஒரே தடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட துவக்குகள் வைக்கப்படுவதுண்டு. குருதி வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து இரு கைகளாலும் பலமாக அழுத்துங்கள், எடுத்தெடுத்துப் பார்க்காதீர்கள். அழுத்தியும் குருதி பாய்ந்துகொண்டே இருந்தால் மட்டும், காயத்துக்கு மேலே, மூட்டின் மீது படாமல், சாரத்தையோ துவாலையையோ அகலமாக மடித்துச் சுற்றி, ஒரு தடியை நுழைத்துக் குருதி நிற்கும்வரை முறுக்கிக் கட்டுங்கள். மெல்லிய கயிறும் கம்பியும் நரம்பை அறுக்கும் என்பதால் அவை வேண்டாம். அரைகுறையாகக் கட்டினால் குருதி கூடுதலாக வெளியேறும். கட்டிய நேரத்தை நெற்றியிலோ கையிலோ பேனாவால் எழுதிவிடுங்கள். இடையில் தளர்த்தித் தளர்த்திக் கட்டாதீர்கள். 2 மணித்தியாலங்களுக்குள் வைத்தியசாலை சேரவேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பித்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய், இலைச்சாறு எதுவும் காயத்துக்குள் போகக்கூடாது. காலை இரண்டு தடிகளுக்கிடையில் அசையாமல் கட்டி, 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்துக்கொண்டே, வீதிவரை கொண்டுவாருங்கள். உடனே மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம் என்பதால் உண்ணவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம். குழாய் வெடித்துக் கண்ணில் காயம்பட்டிருந்தால் கண்ணை அழுத்தவோ கசக்கவோ கூடாது. கடதாசிக் கோப்பையின் அடிப்பாகம் போன்ற ஒன்றால் கண்ணைத் தொடாமல் மூடினால் போதும். விரல் துண்டாகியிருந்தால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பைக்குள் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது.

சத்திரசிகிச்சைக்கூடத்தில் நாங்கள் செய்வதில் பாதி வேலை துப்புரவுதான். இடித்த மருந்துக்கு மேல் அடைக்கப்பட்ட தென்னந்தும்பும் துணியும் சன்னத்தோடு சேர்ந்து காலுக்குள் போய்விடுகின்றன. கறுத்துச் சுருண்ட தும்பை இடுக்கியால் பிடித்து இழுத்தால் தசையின் ஆழத்திலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு வரும்; அதோடு சாரத்தின் நூல், சருகு, மண் எல்லாம் வரும். இவற்றில் எதுவும் எக்ஸ்ரேயில் தெரியாது. உள்ளே தங்கினால் ஏற்பும் (டெட்டனஸ்) வாயு அழுகலும் (தசையை அழுகச் செய்யும் கிருமித்தொற்று) வருவதற்கு இவையே வழி. அதனால்தான் காயத்தை உடனே தைத்து மூடாமல் திறந்தே வைத்து, இரண்டொரு நாள் கழித்து மறுபடியும் கூடத்துக்கு எடுத்து இறந்த தசையை வெட்டி அகற்றுகிறோம். காயத்தைத் திறந்து வைத்திருக்கிறார்களே, கவனிக்கவில்லையோ என்று மனம் குமைபவர்கள், மூடாமல் விட்டதே கவனிப்பு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

“டொக்டர், ஈயம் முழுக்க எடுத்திட்டியளோ?” என்று கேட்காத தாய் இல்லை. எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும் சன்னங்கள் அனைத்தையும் எடுக்க வேண்டியதில்லை; தசைக்குள் இருப்பதைத் தேடி வெட்டினால் நல்ல தசையும் நரம்பும்தான் சேதமாகும். மூட்டுக்குள் இருக்கும் ஈயம் விதிவிலக்கு. மூட்டு நீர் ஈயத்தை மெல்லக் கரைக்கும், அது குருதியில் கலந்து நஞ்சாகும், மூட்டையும் அரிக்கும். அதை எடுத்தே ஆகவேண்டும். இன்னொன்றும் முக்கியம். ஈயம் கிடைக்காதபோது சைக்கிள் போல்ஸும் (சில்லின் அச்சில் இருக்கும் இரும்புக் குண்டுகள்) ஆணித்துண்டும் போடுகிறார்கள். இரும்பு உடம்புக்குள் தங்கியிருந்தால் பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. பரிசோதனையின்போது அந்தக் காந்தப்புலத்தில் அது நகர்ந்து ஆபத்தை விளைவிக்கலாம். கிளினிக் கொப்பியில் இதை எழுதித் தருவோம். அந்தக் கொப்பியைத் தொலைத்துவிடாதீர்கள், எத்தனை வருடமானாலும் எந்த வைத்தியரிடம் போனாலும் சொல்லுங்கள். சன்னம் பட்ட இறைச்சியைச் சமைக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை: ஈயத்தின் நுண்துகள்கள் காயத்தைச் சுற்றிய இறைச்சிக்குள் பரவியிருக்கும், கழுவினால் போகாது. சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கிடையாது.

பொலிஸுக்குப் பயந்து காயத்தை மறைப்பதுதான் உயிரையும் காலையும் அதிகம் பறிக்கிறது. துவக்குக் காயம் சட்ட மருத்துவ விடயம். அது வைத்தியசாலைப் பொலிஸில் பதியப்படும், சட்ட வைத்திய அதிகாரியும் பரிசோதிப்பார். இதை மறைக்க எங்களால் இயலாது. ஆனால் சிகிச்சை அந்தப் பதிவுக்காகக் காத்திருப்பதில்லை. இரவு காயப்பட்டவரை விடியும்வரை வீட்டில் வைத்திருந்து, ‘மரக்கிளை குத்தியது’ என்று கொண்டுவருவதால் யாருக்கும் நன்மையில்லை. எக்ஸ்ரே படம் உண்மையைச் சொல்லிவிடும், இழந்த மணித்தியாலங்கள்தான் திரும்பா. எந்த மருந்து, ஈயமா இரும்பா, எத்தனை மணிக்கு என்று உண்மையாகச் சொன்னால் அது எங்கள் கத்தியை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிக்க உதவும்.

உணவுக்குள் வைக்கப்படும் வாய்வெடியைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும், இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். பன்றிக்கென்று வைக்கும் அதைக் கடித்து, வாய் சிதைந்து, வாரக்கணக்கில் உண்ண முடியாமல் இறக்கும் யானைக்குட்டிகள் பல. அதைச் செய்கிறவரின் சிதைந்த கைகளும் எங்கள் சத்திரசிகிச்சை மேசைக்கு வருகின்றன. போர்க்காலத்திலிருந்து வெடிக்காமல் கிடக்கும் எறிகணைகளை வெட்டி மருந்து எடுக்க முயன்றவர்கள் வைத்தியசாலைவரை வந்து சேர்வதே அரிது.

பன்றி அழிவு பொய்யானதல்ல. ஒரு இரவில் கச்சான் தோட்டத்தையும் மரவள்ளியையும் உழுதுபோட்டதைப் பார்த்த கமக்காரருக்கு ‘பொறுமையாக இருங்கள்’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும், ஆளில்லாத இடத்தில் நிறைத்து வைத்த துவக்குக்குப் பன்றியும் பிள்ளையும் ஒன்றுதான். பயிர்ப் பாதுகாப்புக்கென அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்கும், அதைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கும் ஒருவரும், அயல் வயல்காரர்கள் முறைவைத்து இருக்கும் காவற்கொட்டிலும் செலவும் உழைப்பும் கேட்கும் வழிகள்தான். கட்டுத்துவக்கைவிட அவற்றையே நான் கேட்டுக்கொள்வேன். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவதும் கட்டுத்துவக்குக்கு எவ்விதத்திலும் குறைந்த குற்றமல்ல.

காட்டுக்குள் போகிறவர்கள் விலங்குத் தடங்களில் நடக்காமல் ஆட்கள் போய்வரும் பாதையிலேயே போங்கள். முழங்கால் உயரத்திலோ கணுக்கால் உயரத்திலோ தடத்துக்குக் குறுக்கே கம்பியையோ நூலையோ கண்டால் இழுக்கவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம், துவக்கு எங்கே இருக்கிறது என்று தேடவும் வேண்டாம். அது எந்தப் பக்கம் பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. மழையில் நனைந்தது வெடிக்காது என்றும் நம்பாதீர்கள். வந்த அடியிலேயே திரும்பி, தூரத்தில் ஒரு மரத்தில் பழந்துணியைக் கட்டி அடையாளம் வைத்து, கூட வந்தவர்களை நிறுத்தி, கிராம அலுவலருக்கும் பொலிஸின் 119 இலக்கத்துக்கும் அறிவியுங்கள். அந்தக் காட்டுக்கு வழக்கமாகப் போகும் அயலவர்களுக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.