தேட்டக் குழு: 'அக்விசிஷன்' என்பதற்கு ஏற்ற தமிழ்ச் சொல்

அருங்காட்சியகத்துக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்தி, திரண்ட பணத்தில் புதிய கலைப்பொருள்களை வாங்க உதவும் உறுப்பினர் குழுவை ஆங்கிலத்தில் 'அக்விசிஷன்ஸ் கமிட்டி' என்பர். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகத்தில் இத்தகைய குழு ஒன்று உண்டு. காப்பாட்சியர்கள் தாம் வாங்க விரும்பும் படைப்புகளுக்காக உறுப்பினர்கள் முன்னே வாதாட, எதை வாங்குவது என்பதை உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு செய்வர்.

இந்த 'அக்விசிஷன்' என்னும் சொல்லுக்குப் பலரும் உடனே எழுதுவது 'கையகப்படுத்தல்'. அது நில எடுப்பு அறிவிக்கைகளில் பழகிய சொல். உடையவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அரசு எடுத்துக்கொள்வது என்ற பொருள் அதில் ஊறிவிட்டது. ஓர் ஓவியம் 'கையகப்படுத்தப்பட்டது' என்று படிப்பவர், ஓவியர் மீது என்ன வழக்கு என்றுதான் கேட்பார்.

ஆங்கிலச் சொல்லின் வேரில் வன்மை ஏதும் இல்லை. லத்தீனில் 'குவைரெரே' என்றால் தேடுதல். அதன் முன் 'அட்' என்ற முன்னொட்டு சேர்ந்து, தேடித் தன்னிடம் சேர்த்துக்கொள்ளுதல் என்றாயிற்று. கேள்வியைக் குறிக்கும் 'குவெஸ்சன்' என்பதும் இதே வேரில் பிறந்ததே. தமிழிலும் இதே வழியில் பிறந்த சொல் ஒன்று இருக்கிறது. ஓடு ஓட்டம் ஆவது போல, நாடு நாட்டம் ஆவது போல, தேடு என்பது தேட்டம் ஆகும். தேடிச் சேர்த்த பொருள் என்பது அதன் பொருள். யாழ்ப்பாணத்தில் 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம், பரம்பரையாக வந்த முதுசத்திலிருந்தும் மணமகள் கொண்டுவரும் சீதனத்திலிருந்தும் வேறுபடுத்தி, மணவாழ்வின்போது ஈட்டிய சொத்தைத் 'தேடியதேட்டம்' என்கிறது. ஈழத்தவர் நூல்களைத் தொகுத்துப் பட்டியலிடும் தொகுதிகளுக்கு 'நூல்தேட்டம்' என்று பெயரிடப்பட்டிருப்பதால், சேகரத்தைக் குறிக்கவும் சொல் பழகியே இருக்கிறது. (பேச்சு வழக்கில் பிறர் பணத்தைச் சுருட்டுவதைக் குறிக்கும் 'தேட்டை போடுதல்' வேறு, அருங்காட்சியகத்தார் அந்த ஓர் எழுத்தில் கவனமாக இருப்பது நல்லது.)

ஆகவே 'தேட்டக் குழு' என்பதே என் பரிந்துரை. ஒப்புமையில் ஓர் இடறல் உண்டு: தேடியதேட்டத்தில் கணவன் மனைவி இருவருக்கும் உரிமை உண்டு, இங்கோ, பணம் தந்த உறுப்பினருக்கு வாங்கிய படைப்பில் எவ்வித உடைமையும் இல்லை, அது அருங்காட்சியகத்தையே சேரும். லண்டனில் 1903இல் தொடங்கிய தேசியக் கலைச் சேகரிப்பு நிதியம், 1906இல் வெலாஸ்கெசின் 'ரோக்பி வீனஸ்' ஓவியத்தை 45,000 பவுண்டுக்கு வாங்கி நேஷனல் கேலரிக்கு அளித்தபோதும் இதுவே முறை. நெதர்லாந்தில் 1883இல் அமைந்த ரெம்பிராண்ட் சங்கமும், கலைச்செல்வம் நாட்டைவிட்டுப் போகாமல் அருங்காட்சியகங்களில் சேர வேண்டும் என்ற நோக்கில் பிறந்ததுதான்.

குழுவில் சேர்பவரை 'உறுப்பினர்' என்றாலே போதும். 'புரவலர்' என்பது காத்தலைக் குறிக்கும் 'புர' என்னும் வேரில் பிறந்து, சங்கப் பாடல்களில் இரவலருக்கு எதிர்ச்சொல்லாக வந்த சொல். பெருங்கொடை தருவோருக்கே அது பொருந்தும். வாங்கிய பொருளைப் பதிவேட்டில் ஏற்றி எண் கொடுக்கும் 'அக்செஷன்' இதன் அடுத்த படி; அதற்குச் 'சேர்க்கை' என்னும் சொல்லே போதும், எண்ணைச் 'சேர்க்கை எண்' எனலாம்.