காலையில் கிளம்பாத கார்: சோக் எங்கே மாட்டிக்கொள்கிறது?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சிதான். ராத்திரி முழுக்க நின்ற வண்டி, காலையில் ஸ்டார்ட்டரைச் சுற்றச் சுற்ற இருமும். ஒருவழியாகக் கிளம்பும், அடுத்த நொடியே அணைந்துபோகும். சில வண்டிகள் இதற்கு நேர்மாறு. சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். ஆனால் பத்து கிலோமீட்டர் போன பிறகும் கரும்புகையும் பெட்ரோல் நாற்றமுமாகத் தடுமாறிக்கொண்டே ஓடும். இரண்டுக்குமே, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் வாயில் இருக்கும் ஒரு சின்னத் தகடு காரணமாக இருக்கலாம். சோக் என்பது அதுதான்.

இந்தத் தகடு எதற்கு என்று புரிய, பெட்ரோலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பெட்ரோல் திரவமாக எரியாது, அதன் ஆவிதான் எரியும். அது ஒரே பொருளும் அல்ல, பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. சில 30, 40 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். சிலவற்றுக்கு 200 டிகிரி பக்கம் போக வேண்டும். இன்ஜின் சூடாக இருந்தால் எல்லாமே ஆவியாகிவிடும். குளிர்ந்து கிடக்கும்போது இலேசான பகுதி மட்டும் ஆவியாக, மீதி, கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. பெட்ரோல் முழுதாக எரிய, எடைக்கணக்கில் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். குளிர்ந்த இன்ஜினுக்கு அந்தக் கணக்கில் அனுப்பினால், சிலிண்டருக்குள் பொறி பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி இருக்காது. அதனால் கொஞ்சம் முரட்டுத்தனமான வழி ஒன்றைக் கையாள்கிறார்கள்: பாதி வீணானாலும் சரி, பெட்ரோலை நிறையக் கொட்டு. கிளப்பும் அந்தச் சில நொடிகளில் 3 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற அளவுக்குக்கூடக் கலவை கெட்டியாகலாம்.

கொட்ட வைப்பது எப்படி? ஒரு டம்ளர் ஜூஸில் ஒரு ஸ்ட்ராவை வையுங்கள். இன்னொன்றை டம்ளருக்கு வெளியே வைத்து, இரண்டையும் சேர்த்து உறிஞ்சிப் பாருங்கள். வாய்க்குள் பெரும்பாலும் காற்றுதான் வரும். வெளியே இருக்கும் ஸ்ட்ராவின் நுனியை விரலால் அடையுங்கள், ஜூஸ் சட்டென்று ஏறும். அந்த விரல்தான் சோக் தகடு. கார்புரேட்டரின் மேல்வாயை அது அடைத்ததும், பிஸ்டன்களின் உறிஞ்சல் முழுவதும், பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டின் மேல் திரும்புகிறது. (எல்லாக் கார்புரேட்டரிலும் தகடு இருக்கும் என்று நினைக்க வேண்டாம். எஸ்.யு. வகையில் பெரும்பாலும் தகடே கிடையாது. சோக்கை இழுத்தால் ஜெட் கீழே இறங்கி அதிக பெட்ரோலுக்கு வழிவிடும்.)

தகட்டை மூடுவது சுலபம். சரியான நேரத்தில் திறப்பதில்தான் சிக்கல். கைச் சோக்கில் அந்தப் பொறுப்பு ஓட்டுநருடையது: டாஷ்போர்டில் இருக்கும் குமிழை இழுத்து, இன்ஜின் சூடாகச் சூடாக உள்ளே தள்ள வேண்டும். ஆட்டோ சோக்கில் அதை ஒரு சுருள்வில் செய்கிறது. வேறு வேறு அளவில் விரிவடையும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை அது, சூடேறினால் வளையும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் கப்பல் கடிகாரத்துக்காக உருவாக்கிய உத்தி, இன்றைய இஸ்திரிப் பெட்டி வரை வந்திருக்கிறது. காரில் அந்தச் சுருளைச் சூடாக்க எக்ஸாஸ்ட் பக்கத்துச் சூடான காற்று, ரேடியேட்டர் தண்ணீர், மின்சாரம் என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

கூடவே இரண்டு உதவியாளர்கள் உண்டு. ஒன்று, பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை, அதாவது ஐடிலிங்கை, தற்காலிகமாகத் தூக்கிப் பிடிக்கும் கேம் என்ற படிப்படியான துண்டு. இன்னொன்று, இன்ஜின் கிளம்பியதுமே அதன் உறிஞ்சலால் இழுக்கப்பட்டு, தகட்டைச் சில மில்லிமீட்டர் திறந்துவிடும் ரப்பர் சவ்வான வேக்குவம் டயஃப்ரம். இரண்டாவதைப் பலரும் கவனிப்பதே இல்லை. கிளம்பிய இன்ஜின் உடனே மூச்சுத் திணறி அணைந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்.

சரி, சோதனைக்கு வருவோம். வண்டி ராத்திரி முழுக்க நின்றிருக்க வேண்டும். சூடான இன்ஜினில் சோக்கைப் பார்த்துப் பயனில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஆக்சிலரேட்டரை ஒரு முறை முழுதாக மிதித்து விடுங்கள். ஆட்டோ சோக் என்றால் தகடு அப்போதே மூட வேண்டும். மிதிக்காவிட்டால் மூடாது, கேம் அதைப் பிடித்து வைத்திருக்கும். பழைய கார்களில் 'ஒரு மிதி மிதித்துவிட்டுச் சாவியைத் திருப்பு' என்பது இதனால்தான். இனி விரலால் தகட்டைத் தள்ளிப் பாருங்கள், எங்கும் உரசாமல் ஆட வேண்டும். இன்ஜினைக் கிளப்பும்போது முகத்தைக் கார்புரேட்டருக்கு நேரே வைக்காதீர்கள். பின்னடித்தால் அதன் வாய் வழியே நெருப்பு வரும்.

கிளம்பியதும் தகடு லேசாகத் திறந்ததா? இல்லையென்றால் டயஃப்ரத்தின் ரப்பர் குழாயைக் கழற்றி, சுத்தமான குழாய் ஒன்றை மாட்டி உறிஞ்சிப் பாருங்கள். தண்டு உள்ளே போய் அங்கேயே நின்றால் நல்லது; உடனே திரும்பினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அடுத்த சில நிமிடங்களில் தகடு மெல்ல நிமிர்ந்து செங்குத்தாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சுருளுக்குச் சூடு போகவில்லை. மின்சாரச் சோக்கில், சாவி போட்ட நிலையில், அதன் முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். இக்னிஷன் காயிலிலிருந்து அதற்கு ஒயர் இழுத்திருந்தால் முதலில் மாற்றுங்கள். இடையில் ரெசிஸ்டர் உள்ள வண்டிகளில் அங்கே 12 வோல்ட் முழுதாக இருக்காது, பொறியும் பலவீனமாகும்.

மூடியபடியே மாட்டிக்கொண்ட சோக் உள்ளே செய்யும் வேலையும் மோசமானது. பிளக்கைக் கழற்றினால் கரி பூத்திருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் சோக்கைச் சரிசெய்த கையோடு ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

என் பழைய வண்டி ஒன்று சூடானதும் திக்கத் தொடங்கியது. பிளக், பாயிண்ட், கண்டென்சர் என்று பொறி தரும் பாகங்களை எல்லாம் மாற்றி ஒரு வாரம் போனது. கடைசியில் பார்த்தால் சோக் கேபிளின் உறையைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்திருந்தது. குமிழ் முழுதாக உள்ளே போகும், தகடு முக்கால்வாசிதான் திறக்கும். ஸ்க்ரூடிரைவரில் ஒரு திருகு, அவ்வளவுதான். அன்றிலிருந்து குமிழை நம்புவதில்லை, தகட்டைத்தான் பார்க்கிறேன். கேபிள் பூட்டும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தொய்வு விடுங்கள். விறைப்பாக இழுத்துக் கட்டினால் தகடு முழுதாகத் திறக்காது.

சோக் தகடு சுழலும் தண்டு இறுகியிருந்தால் கார்புரேட்டர் கிளீனரை அடித்து, ஆட்டி ஆட்டி இளக்குங்கள். எண்ணெய் விட வேண்டாம். எண்ணெயில் தூசி படிந்து இன்னும் மோசமாகும். பெட்ரோல் மிஞ்சி ஃப்ளட் ஆகிவிட்டால் பெடலைத் திரும்பத் திரும்ப மிதிக்கவும் கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டரில் உள்ள பம்ப் இன்னும் கொஞ்சம் பெட்ரோலைப் பீச்சும். கைச் சோக் என்றால் முதலில் குமிழை உள்ளே தள்ளிவிட்டு, பெடலை அடிவரை மிதித்துப் பிடித்தபடியே ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பெரும்பாலான ஆட்டோ சோக்குகளில் அந்த நிலையில் தகடு வலுக்கட்டாயமாகத் திறக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் சோக் சீக்கிரமோ தாமதமாகவோ திறந்தால் மட்டும் சுருள் இருக்கும் வட்ட மூடியில் கை வையுங்கள். அதன் விளிம்பில் கோடுகள் இருக்கும். இப்போதைய இடத்தைக் கீறி வைத்துக்கொண்டு, மூன்று திருகுகளையும் தளர்த்தி, ஒரே ஒரு கோடு திருப்புங்கள். அப்புறம் அன்றைக்கு வேறு எதையும் தொடாதீர்கள். அது பலித்ததா என்பது மறுநாள் காலை, இன்ஜின் முழுதாகக் குளிர்ந்த பிறகுதான் தெரியும்.