சென்சார் அளப்பது அறையையா, பெட்டியையா?

அளவுக் கருவிகளைச் சரிபார்த்துத் திருத்துவது என் தொழில். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளக்கத் தாமே ஒரு கருவியைச் செய்திருந்த நண்பர் ஒருவர், அறை எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் அது மூன்று டிகிரி கூட்டியே காட்டுகிறது, சென்சார் பழுதாகிவிட்டதா என்று கேட்டு அதை என்னிடம் கொண்டுவந்தார். மூடியைக் கழற்றியதுமே காரணம் தெரிந்துவிட்டது. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் பெட்டிக்குள், வைஃபை வசதியுள்ள சிறு கணினிப் பலகையான இஎஸ்பி32 போர்டும், அதை ஒட்டினாற்போல் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளக்கும் பிஎம்இ280 சென்சாரும் இருந்தன. வைஃபை ஓயாமல் இயங்கியதால் போர்டு சூடேறி, அந்தச் சூடு வெளியேற வழியின்றிப் பெட்டிக்குள்ளேயே தங்கியிருந்தது. சென்சார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, ஆனால் அது அளந்தது பெட்டிக்குள் இருந்த காற்றை.

வெப்பநிலை கூடினால் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்றில் இருக்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற அளவு, குறையும் என்பதால், இத்தகைய பெட்டியில் இரண்டு அளவுகளுமே தவறாகிவிடும். சென்சாரை ஒரு சாண் நீள ஒயரில் பெட்டிக்கு வெளியே, போர்டுக்குக் கீழே தொங்கவிடுவதும், நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் அளந்துவிட்டு மற்ற நேரத்தில் உறங்கும்படி நிரல் எழுதுவதும் போதும். வெயில் படும் சுவர், ஜன்னல் ஓரம், ஏசி காற்று நேராக வீசும் இடம், தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறம் ஆகியவற்றைத் தவிர்த்து, மார்பளவு உயரத்தில் உட்சுவரில் பொருத்துவது நல்லது.

எந்தச் சென்சார் என்பதும் கவனிக்க வேண்டியதே. வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளக்கும் இன்னொரு சென்சாரான டிஎச்டி11, ஈரப்பதத்தில் 5 சதவீதம் வரை முன்பின் காட்டலாம் என்று தயாரிப்புக் குறிப்பிலேயே இருக்கிறது. அதைக்கொண்டு சுவரில் பூஞ்சை பிடிக்குமா என்று கணிப்பது வீண். எது வாங்கினாலும் உப்புச் சோதனை செய்துவிடுங்கள். பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பை நிரப்பி, ஈர மணல் பதம் வரும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, உப்பு முழுதும் கரைந்துவிடாமல் பார்த்துக்கொண்டு, சென்சாருடன் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடிவையுங்கள். ஈர உப்பு சென்சாரைத் தொடக் கூடாது. சாதாரண அறை வெப்பநிலையில் அந்த டப்பாவுக்குள் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதமாக நிலைபெறும். உங்கள் கருவி 69 காட்டினால், அந்த 6 சதவீதத்தை நிரலில் கூட்டிக்கொள்ளலாம்.

கார்பன் டை ஆக்சைடு விஷயத்தில்தான் ஏமாற்றம் அதிகம். பலர் இதற்கென்று வாங்கும் எம்கியூ-135 அந்த வாயுவைத் தனியே பிரித்தறியும் சென்சார் அல்ல. வாசனைத் திரவியம் தெளித்தாலும் அதன் எண் எகிறும். அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் எம்எச்-இசட்19 போன்றவற்றை நம்பலாம், ஆனால் அவற்றுக்கும் ஒரு பழக்கம் உண்டு. குறிப்பிட்ட கால இடைவெளியில் கண்ட மிகக் குறைந்த அளவைத் திறந்தவெளிக் காற்றின் அளவாக, அதாவது 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) என்று கருதி, தம்மைத் தாமே அவை திருத்திக்கொள்ளும். நோயாளி எந்நேரமும் படுத்திருக்கும், ஜன்னல் திறக்கப்படாத அறையில் இத்திருத்தம் இயங்கினால், புழுங்கிய காற்றையே தூய காற்று என்று கருவி பழகிவிடும். அத்தகைய அறையில் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, அவ்வப்போது வெளிக்காற்றில் வைத்து நீங்களே திருத்துங்கள்.

தண்ணீர்த் தொட்டியிலும் குளிர்பெட்டியிலும் பலர் பயன்படுத்தும் வெப்பநிலை சென்சாரான டிஎஸ்18பி20, மின்சாரம் வந்தவுடன், முதல் அளவீடு முடியும் முன்பே படித்தால், 85 டிகிரி என்று காட்டும். அது பழுதன்று, தொடக்க மதிப்பு. நள்ளிரவில் எச்சரிக்கை மணி அடித்து வீட்டையே எழுப்பிவிட்ட அந்த 85-ஐப் பற்றி என்னிடம் கேட்டவர்கள் ஒருவர் இருவரல்லர்.

கார்பன் மோனாக்சைடு, சமையல் எரிவாயுக் கசிவு ஆகிய இரண்டை மட்டும் இந்தக் கைவேலையிடம் ஒப்படைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடை அறியும் எம்கியூ-7 சென்சாருக்குள் இருக்கும் சூடேற்றியை 60 விநாடி 5 வோல்ட்டிலும் 90 விநாடி 1.4 வோல்ட்டிலும் மாற்றி மாற்றி இயக்க வேண்டும் என்று அதன் தயாரிப்புக் குறிப்பு சொல்கிறது. நான் பார்த்த வீட்டுத் தயாரிப்புகளில் பெரும்பாலானவை அதைத் தொடர்ந்து 5 வோல்ட்டிலேயே வைத்திருந்தன; அப்படி வைத்தால் அதன் அளவை நம்ப முடியாது. வைஃபை அறுந்தாலும் மின்சாரம் போனாலும் தன் பேட்டரியிலேயே ஒலிக்கும், தரச்சான்று பெற்ற எச்சரிக்கைக் கருவியை அதற்கென்று தனியாக வாங்கி மாட்டுங்கள்.