வெறும் உப்புத் தண்ணீர் மூக்கில் என்ன செய்கிறது?

போகிப் புகை அடங்கிய வாரத்தில் பெரம்பூர் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "பையனுக்கு மூக்கடைப்பு. டாக்டர் வெறும் உப்புத் தண்ணி ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார். மருந்தே இல்லாத பாட்டில் எதற்கு?"

நியாயமான கேள்விதான். பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் 0.65 அல்லது 0.9 சதவீத சோடியம் குளோரைடு கரைசல். 0.9 என்பது உடல் திரவங்களின் செறிவை ஒட்டியது. குழாய்த் தண்ணீர் மூக்கில் ஏறினாலும் எரியும், உப்பு மிகுந்த மெரினா தண்ணீர் ஏறினாலும் எரியும், இது எரியாது.

மூக்கடைப்புக்குச் சளி மட்டும் காரணமல்ல. மூக்கின் உள்சவ்வில் ரத்தக் குழாய்கள் புடைத்து வழியை மறிப்பதே பெரும்பங்கு. சைலோமெட்டாசோலின் போன்ற சொட்டு மருந்துகள் அந்தக் குழாய்களைச் சுருக்கும். சில நிமிடங்களில் மூக்கு திறக்கும். ஆனால் வாரக்கணக்கில் போட்டால், மருந்தின் வேகம் குறைந்ததும் வீக்கம் முன்னைவிட மோசமாகத் திரும்பும். உப்புத் தண்ணீரில் அந்த வம்பு இல்லை. அது உதவுவது வேறொரு கூட்டத்துக்கு.

சவ்வின் செல்கள் மேல் குற்றிழைகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மயிர் போன்ற நுண்ணிழைகள், அடர்ந்திருக்கின்றன. விநாடிக்குப் பத்து முறைக்கு மேல் அடிக்கும். அவற்றைச் சுற்றி நீர்த்த திரவம், அதற்கு மேல் பிசுபிசுப்பான சளிப் போர்வை. இழை முன்னோக்கி வீசும்போது விறைத்து நிமிர்ந்து, நுனியால் மட்டும் சளியைத் தள்ளுகிறது. திரும்பும்போது வளைந்து, சளியைத் தொடாமல், திரவத்துக்குள்ளேயே பதுங்கி வருகிறது. நிமிர்ந்தபடியே திரும்பினால் தள்ளியதையெல்லாம் தானே இழுத்து வந்துவிடுமே! எல்லா இழைகளும் ஒன்றாக அடிப்பதும் இல்லை. காற்றடிக்கும் நெல்வயல் போல அலை அலையாகச் சாய்கின்றன. இப்படி நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில், தூசி, புகைக்கரி, வைரஸ் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு சளி தொண்டைப் பக்கம் நகர்கிறது. நாம் விழுங்கிவிடுகிறோம், தெரியாமலே.

சளி வறண்டு கெட்டியானால் இந்த ஓட்டம் மந்தமாகும். இரவு முழுக்க ஏசி அறையில் படுத்தவருக்கு இது புரியும். ஸ்ப்ரே சளியை இளக்குகிறது, கொஞ்சம் அலசியும் விடுகிறது. 2, 3 சதவீதக் கரைசல்களும் உண்டு. அவை சவ்விலிருந்தே நீரை இழுத்து வீக்கத்தையும் சற்றுக் குறைக்கும், ஆனால் எரியும்.

தலைக்குக் குளித்ததால் நீர் கோத்துக்கொண்டது என்று பையனை இனித் திட்டாதீர்கள். தலையில் ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்க வழியே கிடையாது. இன்னொரு ஆதங்கம்: உப்புத் தண்ணீருக்கு யார் காப்புரிமை வாங்க முடியும்? லாபமில்லாத இடத்தில் கம்பெனிகள் ஆய்வுக்குப் பணம் போடுவதில்லை. அரசுப் பணம் இங்கேதான் வர வேண்டும் என்பேன்.

வீட்டிலேயே கரைத்து மூக்கைக் கழுவுபவர்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டே பயன்படுத்துங்கள். லிட்டருக்கு 9 கிராம் உப்பு. குழாய்த் தண்ணீரை அப்படியே ஏற்றாதீர்கள். நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது, அரிதாக என்றாலும்.