ஃபான்: விசிறியா, விசரா, பற்றாளரா?

திருகோணமலையில் ஃபான் என்று சொன்னால் முதலில் எல்லாரும் தலையை நிமிர்த்திக் கூரையைத்தான் பார்ப்பார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது சுற்றாவிட்டால் இங்கே யாரும் மதியம் கண்ணயர முடியாது. அடுத்த பொருளில் ஃபான் என்பவர் ஒரு பாடகருக்கோ, ஆட்டக்காரருக்கோ, இசைக்குழுவுக்கோ மனதைக் கொடுத்துவிட்டு இருக்கிற ஆள். 'நான் அவங்கட ஃபான்' என்று பேச்சில் சொல்வோம். எழுத உட்கார்ந்தால் ரசிகர், விசிறி, அபிமானி, சுவைஞர், நேயர், பற்றாளர் என்று கைக்கு வந்ததைப் போடுவோம். எல்லாம் ஒன்றுதானே என்ற நினைப்பு.

அவை ஒன்றில்லை. பாட்டுகள் நல்லபடி வந்துகொண்டிருக்கும்வரை வித்தியாசம் தெரியாது. பேர்பெற்ற ஒரு ரொக் குழுவில் இருபது முப்பது வருடம் வாசித்த கிற்றார் கலைஞர் ஒரு நாள் விலகிப் போகட்டும், யார் ரசிகர், யார் வேறு ஆள் என்பது அன்றே பிரிந்துவிடும். இந்தச் சொல்லுக்குத் தமிழ் தேட அதைவிட நல்ல இடம் இல்லை.

முதலில் பிறப்பு. ஆட்களைக் குறிக்கும் ஃபான், 'ஃபனற்றிக்' என்ற நீண்ட சொல்லின் வெட்டுத் துண்டு. 1880களின் கடைசியில் அமெரிக்க பேஸ்போல் திடல்களில் இந்தத் துண்டு நடமாடத் தொடங்கியது. நீண்ட சொல்லின் வேர் லத்தீனில் 'ஃபானும்'. அதற்குக் கோயில் என்று பொருள். கோயிலில் தெய்வம் ஏறிய நிலையில் நின்றவரை 'ஃபானற்றிக்குஸ்' என்றார்கள். ரோமில் பெலோனா என்ற போர்த் தெய்வத்தின் பூசாரிகள் உருவேறித் தங்கள் உடம்பையே கீறிக்கொள்வார்கள். அவர்களுக்கு இந்தப் பெயர் இருந்தது. எங்கள் அம்மன் கோயில் சடங்குகளில் உடுக்கொலி ஏற ஏற உருவந்து ஆடுகிறவரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஃபான் என்பவர் ஆதியில் தெய்வமாடி.

கூரையில் சுற்றும் ஃபானுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது லத்தீனின் 'வன்னுஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. வன்னுஸ் என்றால் தூற்றுகிற சுளகு. தம்பலகாமத்துக் களத்தில் பொலி தூற்றும்போது பதரைப் பறக்கவிடும் அதே வேலைக்கான சாமான். அப்புறம் அது கைவிசிறிக்கும், பின்னர் மின்விசிறிக்கும் பெயராயிற்று. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே எழுத்தில், ஒரே ஒலியில் வந்து நிற்பது வெறும் தற்செயல்.

அந்தத் தற்செயலில் வழுக்கி விழுந்த சொல்தான் விசிறி. 'நான் உங்கள் தீவிர விசிறி' என்று தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளில் வாசகர்கள் எழுதினார்கள். பகிடியாகத் தொடங்கியதோ என்னவோ, பகிடி மறந்து சொல் மட்டும் தங்கிவிட்டது. கோயிலில் பிறந்த சொல்லைச் சுளகில் போட்டுப் புடைத்த கதை. இப்போது அகராதிகளிலும் ஏறிவிட்டதால் அதைப் பிழை என்று துரத்த முடியாது. ஆனாலும் துக்கச் செய்தியில் அதை வைத்துப் பாருங்கள்: 'கிற்றார் கலைஞர் விலகியதால் விசிறிகள் கண்ணீர்.' சிரிப்புத்தான் வரும்.

இலங்கைக் காதுக்கு விசிறியைவிடக் கிட்டத்தில் இன்னொரு சொல் இருக்கிறது: விசர். பைத்தியம் என்று பொருள். 'அவனுக்குப் பாட்டு விசர்', 'உது கிரிக்கெட் விசர்' என்று வீடுகளில் நாள்தோறும் கேட்பது. ஃபனற்றிக் என்பதன் பழைய சூடு அப்படியே இதில் இருக்கிறது. பேச்சில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது என்பது என் எண்ணம். எழுத்தில்தான் இடைஞ்சல்: மேசையில் வைத்து ஒருவரைப் பற்றி விசரர் என்று எழுதினால் அது வசவாகிவிடும்.

சரி, ரசிகருக்கு வருவோம். வடமொழியில் ரசம் என்றால் சாறு, பிறகு சுவை. சுவைக்கத் தெரிந்தவர் ரசிகர். அடுப்பில் கொதிக்கும் மிளகு ரசமும் அதே சொல்தான். சிங்களத்திலும் சாப்பாடு ருசி என்று சொல்ல 'ரசய்' என்பார்கள், ஃபானை 'ரசிகயா' என்பார்கள். ஆகவே திருகோணமலைச் சந்தியில் இந்தச் சொல்லை யாரும் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் இலக்கணம் பார்க்கிறவர்கள் இரசிகர் என்று எழுதுவார்கள். டி.கே. சிதம்பரநாத முதலியாரை 'ரசிகமணி' என்று அழைத்த காலத்தில் இந்தச் சொல்லுக்கு இருந்த கனம் வேறு. கம்பனின் ஒரு பாட்டை எடுத்து, எந்தச் சொல்லில் அது உயிர்க்கிறது என்று காட்டத் தெரிந்தவர்தான் ரசிகர். பிறகு ரசிகர் மன்றங்கள் வந்தன, கட்-அவுட் வந்தது, பாலாபிஷேகம் வந்தது, சொல் ஃபானாகிவிட்டது.

இதற்கு நேர் தமிழ் சுவைஞர். கலைஞர், அறிஞர் போல முறையாக அமைந்த சொல். இலங்கையில் சாதாரண தரப் பரீட்சைக்குத் தமிழ் இலக்கிய நயம் படித்த பிள்ளைக்கு இது சொல்லாமலே விளங்கும். நயத்தல் என்பதும் சுவைத்து விரும்புவதுதான். ஆனால் ரசிகர், சுவைஞர் இரண்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நாக்குக்குப் பிடித்தால் ஏற்பார், பிடிக்காவிட்டால் விலக்குவார். சமைத்தவர் யார் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம்.

டீப் பேர்ப்பிள் என்ற ஆங்கிலக் குழுவின் கதையில் இது துலக்கமாகத் தெரியும். 1968இல் குழு தொடங்கியபோதே கிற்றாருடன் நின்றவர் ரிச்சி பிளாக்மோர். உலகெங்கும் கிற்றார் பழகத் தொடங்கும் பிள்ளை முதலில் தடவிப் பார்க்கும், 'ஸ்மோக் ஒன் த வோட்டர்' பாட்டின் அந்த நாலு சுரக் கோவை அவருடையதுதான். 1975இல் போனார், 1984இல் திரும்பினார், 1993 நவம்பரில் ஹெல்சிங்கியில் வாசித்துவிட்டு, சுற்றுப்பயணம் முடியாமலே மறுபடியும் போய்விட்டார். மிச்ச நிகழ்ச்சிகளுக்கு ஜோ சாற்றியானி கைகொடுத்தார். 1994இல் ஸ்டீவ் மோர்ஸ் வந்தார்.

மோர்ஸ் வாசிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விரல் சுத்தம், வேகம், எல்லாம் உண்டு. ரசிகர்கள் காது கொடுத்தார்கள், ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் இன்னொரு கூட்டம், 'பிளாக்மோர் இல்லாத குழு குழுவே இல்லை' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. அவர்களுக்கு வாசிப்பு ஒரு பிரச்சினையே இல்லை. பிளாக்மோரின் இரண்டு தவணைகளையும் கூட்டினாலும் 17 வருடத்தைத் தாண்டாது. மோர்ஸ் 28 வருடம் நின்றார். அவ்வளவு காலத்துக்குப் பிறகும் அவர் சிலருக்குப் 'புதுசா வந்த ஆள்'தான்.

2022இல் மோர்ஸ் விலகினார். மனைவிக்குப் புற்றுநோய், அருகில் இருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் காரணம். சண்டை இல்லை, வழக்கு இல்லை. சைமன் மக்பிரைட் அந்த இடத்துக்கு வந்தார். உப்புவெளியில் விடுதிகளில் கிற்றார் அடிக்கும் என் நண்பர் ஒருவர் மோர்ஸைக் கேட்டே வளர்ந்தவர். கடற்கரை உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும் என்று ஒவ்வொரு பாட்டு முடிவிலும் பழைய பெனியன் துணியால் கம்பியைத் துடைப்பார். அந்தத் துணி கையில் இருந்தபடியே புதிய ஆள் வாசிக்கும் வீடியோவைக் கைபேசியில் எனக்குக் காட்டினார். 'எப்படி?' என்றேன். 'பிழையே இல்லை மச்சான். நல்லா அடிக்கிறான்' என்றார். பாட்டு முடியுமுன் நிறுத்திவிட்டார். 'ஆனா எனக்கு அந்தாள் நிண்ட இடம்தான் தெரியுது.'

ஒரே வாயில் இரண்டு தீர்ப்பு. முதலாவதைச் சொன்னவர் ரசிகர். இரண்டாவதைச் சொன்னவருக்கு என்ன பெயர் என்பதுதான் எங்கள் கேள்வி.

இந்த நிலை எங்களுக்கு ரொக் இசையோடு வந்ததில்லை. கோயில் திருவிழாவில் மேளச்சமா வைத்தால், எந்த நாதஸ்வரத்துக்கு யார் தவில் என்று கேட்டுவிட்டுத்தான் சனம் பாயைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடும். பல வருடம் சோடியாக வந்தவர்கள் பிரிந்தால் வீதியிலேயே இரண்டு கட்சி. 'இவரும் குறைவில்லை' என்று ஒருவர் சமாதானம் சொல்வார். 'குறைவெண்டு ஆர் சொன்னது?' என்று மற்றவர் எழுந்துபோவார்.

அபிமானி என்ற சொல் பழைய பத்திரிகைகளில் இதற்குக் கிட்ட வருகிறது. அபிமானம் என்றால் வடமொழியில் செருக்கும் உண்டு, பிரியமும் உண்டு. 'எங்கட ஆள்' என்று நெஞ்சை நிமிர்த்துவது. குழு வெல்லும்போது பொருந்துகிற சொல். ஒருவர் போய்விட்டார் என்று இருந்து யோசிக்கும்போது கொஞ்சம் விறைப்பாக நிற்கிறது. நேயர் நல்ல சொல். சிவபுராணத்தில் 'நேயத்தே நின்ற நிமலன்' என்று ஓதுகிறோமே, அந்த நேயம். ஆனால் இலங்கை வானொலி அதை நேயர் விருப்பத்துக்கு எடுத்துக்கொண்டது. இன்று நேயர் என்றால் வானொலிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் இருப்பவர் மட்டும்தான். வானொலியிடமிருந்து அதைத் திருப்பி வாங்க முடியும் என்று தோன்றவில்லை.

மிஞ்சுவது பற்றாளர். இதைத்தான் நான் முன்வைக்கிறேன்.

பற்று என்றால் பிடித்துக்கொள்வது. காசு கொடுத்து வாங்கினால் கடையில் தருவது பற்றுச்சீட்டு. இந்த மாவட்டத்தின் பழைய பிரிவுகளே கட்டுக்குளப்பற்று, தம்பலகாமப்பற்று, கொட்டியாரப்பற்று என்று பெயர் கொண்டவை. வள்ளுவர் 350ஆம் குறளில் 'பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப் பற்றுக பற்று விடற்கு' என்று ஒரே குறளில் இந்தச் சொல்லையே சுழற்றுகிறார். விடுவதற்குக் கஷ்டமான ஒன்று என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சுவை போனால் சுவைஞருக்கு வேலை முடிந்தது. பற்றுக்கு அப்படி இல்லை. பிடித்திருந்தது போன பிறகும் பிடி இருக்கும். மொழிப்பற்றாளர், நாட்டுப்பற்றாளர் என்று பெரிய விஷயங்களுக்கே இதை ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஒரு கிற்றார்காரருக்குப் பற்றாளர் என்பது மிகை என்று சிலர் முகம் சுளிக்கலாம். தெய்வமாடி என்ற பொருளில் பிறந்த சொல்லுக்கு இது மிகையாகாது.

பற்றில் கோபமும் சேரும், சேராமலும் இருக்கும். கன்ஸ் அன் ரோசஸ் குழுவை அதன் கிற்றார் கலைஞர் ஸ்லாஷ் 1996இல் விட்டபோது, யார் பக்கம் நியாயம் என்று அதன் பற்றாளர்கள் வருடக்கணக்காகச் சண்டை பிடித்தார்கள். 2016இல் அவர் திரும்பியபோது அதே ஆட்கள் நுழைவுச்சீட்டுக்கு வரிசையில் நின்றார்கள். ஏசி/டிசி குழுவின் மல்கம் யங் விஷயம் வேறு. 1973இல் தம்பி அங்கஸுடன் குழுவைத் தொடங்கியவர் அவர். தம்பி மேடையெல்லாம் ஓட, இவர் பின்னால் ஒலிபெருக்கியோரம் நின்று தாளத்தைக் கட்டிப் பிடித்திருப்பார். மறதி நோயால் 2014இல் விலக வேண்டியதாயிற்று. அவர் இடத்துக்கு வந்தவர் அண்ணன் மகன் ஸ்டீவி யங். 2017 நவம்பரில் மல்கம் இறந்தார். அங்கே யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தான் எழுதிய பாட்டின் சுரத்தையே மறந்துபோன ஒருவரை நினைத்து என்னவென்று கோபிப்பது?

எழுதுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. செய்தியில் பொதுவாக ஆட்களைக் குறிக்க ரசிகர் போதும், அதைப் பிடுங்க வேண்டாம். வாசிப்பின் தரம் பற்றிப் பேசும் இடத்தில் சுவைஞர் என்று எழுதலாம். பிரிவையும் ஆற்றாமையையும் சொல்லும் இடத்தில் பற்றாளர்: 'மோர்ஸ் விலகியபோது பற்றாளர் பலர் ஆறவில்லை; மக்பிரைட்டின் வாசிப்பை ரசிகர்கள் வரவேற்றனர்.' ஒரே வசனத்தில் இரண்டும் நிற்கும், இரண்டும் ஒரே ஆளாகவும் இருக்கலாம். கடன் சொல்லையே வைத்திருக்க விரும்பினால் ஆய்தத்தை விடாமல் ஃபான் என்று எழுதுங்கள். பான் என்று எழுதி, அச்சில் சுழி ஒன்று கூடிப்போனால், அது பாண், இலங்கையில் காலைச் சாப்பாட்டு பிரெட்.