மைண்ட்ஃபுல்னஸ்: மனம் எதனால் நிறைந்தது?

டொராண்டோவில் இருக்கும் நண்பர் ஒரு துண்டறிக்கையைப் படமெடுத்து அனுப்பி, "இது உங்களுக்கு விளங்குதா?" என்று கேட்டிருந்தார். அங்குள்ள தமிழர்களுக்காக ஓர் உளவள ஆலோசகரைப் பற்றி அச்சடித்தது. "கலாச்சார உணர்திறன் மிக்க, மனநிறைவு அடிப்படையிலான அணுகுமுறையின் மூலம் வாடிக்கையாளர்களுக்கு உதவுகிறார்." நான்கு முறை படித்தேன். ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

மைண்ட்ஃபுல்னஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'மனநிறைவு' என்று போடுவதை இதோடு எத்தனையாவது முறை பார்க்கிறேன் என்று தெரியவில்லை. மைண்ட் என்றால் மனம், ஃபுல் என்றால் நிறைவு, கூட்டினால் மனநிறைவு. கணக்கு சரி, விடை தப்பு. வயிறு நிறையச் சாப்பிட்டவருக்கும் பேத்தி கல்யாணத்தைப் பார்த்துவிட்ட பாட்டிக்கும் வருவது மனநிறைவு. இவர்கள் சொல்ல வந்ததோ வேறு: இந்த நொடியில் நடப்பதை, மாற்ற முனையாமல், கவனித்துக்கொண்டிருக்கும் பயிற்சி. மைண்ட்ஃபுல் ஈட்டிங் என்ற பயிற்சியில் ஒரே ஒரு உலர்திராட்சையைக் கையில் கொடுத்து, பார்த்து, முகர்ந்து, நாவில் உருட்டி மெல்லச் சொல்வார்கள். அதை 'மனநிறைவான உணவு' என்று போட்டால் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்துவிடுவோம்.

சொல்லின் கதை சுருக்கமானது. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் சதி, வடமொழியில் ஸ்மிருதி. வேர்ப்பொருள் நினைவில் வைத்தல். மனுஸ்மிருதியில் இருக்கும் அதே ஸ்மிருதிதான். இலங்கையில் ஆங்கிலேய அரசு அதிகாரியாக இருந்து பாலி கற்ற ரைஸ் டேவிட்ஸ் 1881இல் வெளியிட்ட பௌத்த நூல் மொழிபெயர்ப்பில் சதிக்கு மைண்ட்ஃபுல்னஸ் என்று எழுதினார். ஆங்கில மைண்டுக்கும் பழைய பொருள் நினைவு என்பதே. நிரம்பி வழியும் மனம் அதில் இல்லை. 1979இல் ஜான் கபாட்-சின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத வலியோடு வந்தவர்களுக்குப் பயிற்சியாக இதைக் கொடுத்தார். சமயச் சாயம் கழன்றது, சொல் தங்கிவிட்டது. பிறகு மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்கான சிகிச்சையிலும் சேர்ந்தது.

வேர் நினைவு என்பதால் 'நினைவாற்றல்' என்று எழுதும் கூட்டம் ஒன்று உண்டு. இயந்திர மொழிபெயர்ப்பிலும் அடிக்கடி இதுதான் வந்து விழுகிறது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு வல்லாரை கொடுப்பது நினைவாற்றலுக்கு. அதை விட்டுவிடலாம்.

உண்மையான போட்டி 'விழிப்புணர்வு'. படித்தவர்கள், நல்ல மொழிபெயர்ப்பாளர்கள்கூட இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சொல்லில் பிழை இல்லை; விழித்திருக்கும் உணர்வு, அழகாகவே இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது. டெங்கு விழிப்புணர்வு, தலைக்கவச விழிப்புணர்வு, வாக்காளர் விழிப்புணர்வுப் பேரணி. முப்பது நாற்பது ஆண்டுகளாக அரசும் பள்ளிகளும் சேர்ந்து அந்தச் சொல்லின் கையில் ஒரு பதாகையைக் கொடுத்துவிட்டன. இன்று விழிப்புணர்வு என்றால் தெரியாததைத் தெரிந்துகொள்வது, அதுவும் பிறர் சொல்லித் தெரிந்துகொள்வது. மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததன் கூடவே இருப்பதுதான் பயிற்சி. 'விழிப்புணர்வு சார்ந்த சிகிச்சை' என்று பலகை வைத்தால், சர்க்கரை நோய் பற்றி யாரோ வகுப்பெடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து நான் உள்ளே போகமாட்டேன்.

தூய்மைவாதிகள் 'நற்கடைப்பிடி' என்பார்கள். புத்தரின் எண்வழியில் ஏழாவதான சம்மா சதிக்குத் தமிழில் வழங்கிய பெயர். ஆராய்ச்சியாகப் பார்த்தால் இதற்கு நிகரே இல்லை: பழைய இலக்கண உரையான இறையனார் அகப்பொருள் உரை கடைப்பிடி என்பதற்குக் 'கொண்ட பொருள் மறவாமை' என்று பொருள் சொல்கிறது. சதியும் அதேதான், எழுத்துக்கு எழுத்து. படித்தபோது எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் இன்று கடைப்பிடிப்பது எதை? விரதத்தை, சாலை விதியை, வரிசையை. தூக்கமில்லாமல் வந்து உட்கார்ந்திருப்பவரிடம் நற்கடைப்பிடி என்றால் இன்னொரு விதியைத் தலையில் வைத்தது போலாகும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், இங்கே தவறான சொல் வெறும் தவறோடு நிற்பதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்த அறிக்கையைப் பார்த்து வருகிறார் என்று வையுங்கள். 'மனநிறைவோடு இருக்கப் பழகுங்கள்' என்றால் அவர் காதில் என்ன விழும்? இருப்பதை வைத்துத் திருப்திப்படு என்று. சாவு வீட்டுக்கு வந்துபோன சொந்தக்காரர்கள் எல்லாம் சொன்னது அதுதானே, அதற்கு எதற்கு ஆலோசகர்? பயிற்சி கேட்பதோ நேர்மாறானது: வலி வந்தால் வலி என்று பார், விரட்டாதே, கட்டியும் பிடிக்காதே.

பண்பாடறிந்த சிகிச்சை என்றால் அது சொல்லிலேயே தொடங்கவேண்டாமா? யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் செய்ததைப் பாருங்கள். மனதை ஆற்றும் பயிற்சிகளைப் புதிதாக இறக்குமதி செய்யாமல், வந்தவரிடம் ஏற்கெனவே இருந்ததை எடுத்தார். சைவர் என்றால் ஓம், கத்தோலிக்கர் என்றால் செபமாலை, முஸ்லிம் என்றால் இறைவனை நினைந்து ஓதும் திக்ர். ஆங்கிலத்தில் ட்ராமா (trauma) எனப்படும் உள்ளக் காயத்துக்கு அவர் புழங்கவிட்ட சொல் 'மனவடு'. நாவினாற் சுட்ட வடு என்று பள்ளியில் படித்த எவருக்கும் அதற்கு அகராதி வேண்டாம்.

துண்டறிக்கையில் 'கல்ச்சுரல் சென்சிடிவிட்டி'க்குப் போட்டிருக்கும் 'கலாச்சார உணர்திறன்' எந்த ரகம்? உணர்திறன் மிக்க பற்களைப் பற்பசை விளம்பரத்தில் பார்த்திருக்கிறேன். கலாச்சாரமும் உணர்வும் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலே நம் ஊரில் அது வேறு கூட்டம். காதலர் தினத்தன்று பூங்காவில் கம்போடு நிற்பார்கள். இடம் பொருள் ஏவல் அறிந்து என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவருவது ஏன் மொழிபெயர்ப்பாளருக்கு நினைவுக்கு வருவதில்லை? 'வாடிக்கையாளர்' பற்றிப் பேசவே வேண்டாம்; அழ வந்தவருக்குப் பில் போடும் சொல் அது. ஆலோசனை தேடி வருபவரை இலங்கையில் 'துணைநாடி' என்கிறார்கள். எடுத்துக்கொள்ள நமக்கு என்ன கூச்சம்?

சரி, என் சொல் என்ன? கவனம் மட்டும் போதாது. அது வாத்தியார் பிரம்பைத் தட்டுவது, 'கவனமாப் போ' என்று அம்மா வாசலில் நின்று சொல்வது. ஈழத்து அவதானம் நெருங்கி வருகிறது, அங்கும் 'அவதானமாக இருங்கள்' என்றால் ஜாக்கிரதை என்றே ஆகிவிட்டது. பெயர்ச்சொல்லாகவே தேடுவதுதான் கோளாறு. தமிழில் 'இரு' என்று ஒரு துணைவினை உண்டு: காத்திரு, பொறுத்திரு, விழித்திரு. செயலை நிலையாக்கிவிடும். கவனித்திரு. கவனித்திருத்தல். கவனிப்பதும் அதில் இருக்கிறது, எதையும் மாற்ற ஓடாமல் இருப்பதும் இருக்கிறது. நீளம் என்பார்கள். மைண்ட்ஃபுல்னஸ் மட்டும் குட்டையா?

நண்பருக்கு மாற்றி எழுதி அனுப்பினேன்: "வருபவரின் குடும்பமும் நம்பிக்கையும் பேச்சும் அறிந்து, கவனித்திருக்கும் பயிற்சியின் வழியே துணைநிற்கிறார்." அவர் அதை உரியவர்களிடம் சேர்த்திருக்கிறார். நன்றாக இருக்கிறதாம். ஆனால் ஏற்கெனவே அச்சடித்ததெல்லாம் தீர்ந்த பிறகு பார்க்கலாம் என்றார்களாம்.